இங்கிலீஷ் பீரியடுக்குக் காவல்

என் பச்சைத் தாவணியின் தோள் பக்கம் எப்போதும் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட வராண்டாத் தூணில் சாய்ந்து நின்றதால் வந்தது. துவைக்கும்போதெல்லாம் அம்மா திட்டுவாள். "பள்ளிக்கூடத்துல குந்திப் படிக்கிறியா, இல்ல செவுத்துக்கு வெள்ளையடிச்சிகினு கீறியா?" என்பாள். நான் பதில் சொன்னதில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். பதினோராம் வகுப்பு, அதாவது அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி., படித்த வருஷம் பெரும்பாலும் இங்கிலீஷ் பீரியடில் என் இடம் அந்தத் தூண்தான். வகுப்பு உள்ளே நடக்கும். நான் வெளியே நிற்பேன். தப்பு செய்து நிறுத்தப்பட்டவள் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அங்கே ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது.

இப்போது படித்தவர்கள் மேடை போட்டுப் பேசுகிறார்கள். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும்போது தமிழைக் கலக்கலாமா, கூடாதா என்று ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வாதாடுகிறார்கள். கலக்கலாம் என்று சொல்கிறவர்கள் எங்கள் இங்கிலீஷ் டீச்சரை உதாரணம் காட்டாத குறைதான். எங்கள் பக்கத்தில் அவருக்கு அப்படி ஒரு பெயர். அவரிடம் படித்தவர்கள் கல்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் நல்ல வேலைகளில் உட்கார்ந்து, "எங்க டீச்சர் மட்டும் இல்லன்னா" என்று கண் கலங்குகிறார்கள். கலங்கட்டும். எனக்கும் அவரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. எனக்குக் கண் கலங்காது, வயிறுதான் எரியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு குப்பம் எங்களுடையது. அப்பா கட்டுமரத்தில் போவார். அம்மா மீன் விற்பாள். எங்கள் குப்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பெண் அப்போது நான் ஒருத்திதான். எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, ஏதாவது ஒரு ஆரம்பப் பள்ளியில் கையில் சாக்பீஸோடு நிற்க வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றது இங்கிலீஷ். கணக்கில் நான் மோசமில்லை, தமிழில் முதல் இரண்டு பேரில் வந்துவிடுவேன். இங்கிலீஷில் மட்டும் முப்பத்தைந்தைத் தொட மூச்சு வாங்கும்.

எங்கள் ஹெட்மாஸ்டரைப் பெரிய சார் என்போம். இங்கிலீஷ் பீரியடில் ஒரு தமிழ் வார்த்தை கூடக் காதில் விழக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். காலைப் பிரார்த்தனையில் அடிக்கடி சொல்வார்: "நீச்சல் கத்துக்கணும்னா தண்ணியில தள்ளிவிடணும். கரையில நிக்க வெச்சு நீச்சலைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தா வருமா?" மீன்பிடிக்கிறவர்கள் பிள்ளைகளிடம் போய் இதைச் சொன்னார். எங்கள் குப்பத்தில் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்படி எவனாவது தள்ளியிருந்தால் அவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தியிருப்பார்கள். என் தம்பிக்கு அப்பா ஓடைத் தண்ணீரில், வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் பழக்கினார். தம்பியே "கைய எடு நைனா" என்று கத்தும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

முந்தின வருஷம் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சார் ஒருநாள் வாய் தவறி ஒரு வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் சொல்லிவிட்டார். பெரிய சார் அவரை வராண்டாவுக்குக் கூப்பிட்டு, நாங்கள் எல்லோரும் பார்க்கப் பார்க்கத் திட்டினார். அன்றிலிருந்து அந்த சார் புத்தகத்தை வாசிப்பார், கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். என்ன எழுதினோம் என்று அவரும் கேட்கவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் இங்கிலீஷ் டீச்சர் வந்தார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வருவார். சின்ன வயசு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் நாளே புத்தகத்தை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு, புயலில் மாட்டிய ஒரு கப்பலைப் பற்றிய பாடத்தைத் தமிழில் கதையாகச் சொன்னார். வகுப்பு வாய் பிளந்து கேட்டது. பிறகு புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்தபோது, அந்தக் கப்பல் எங்கே போகிறது, யார் அழுகிறார்கள் என்று எங்களுக்கே தெரிந்தது. அவர் கெட்டிக்காரி என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க எல்லாம் ‘அவன் வந்துகினு கீறான்’னு சொல்றீங்க இல்ல? அதேதான் இங்கிலீஷ்ல ‘ஹீ இஸ் கமிங்’. உங்களுக்கு ‘கினு’ வர்ற எடத்துல வெள்ளைக்காரனுக்கு ‘இங்’ வரும். அவ்வளவுதான்," என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதுவரை எங்கள் ‘கினு’வுக்குக் குட்டுத்தான் கிடைத்திருக்கிறது. முதல் தடவையாக அதை ஒருவர் கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். தமிழ் ஐயாவுக்கு இது காதில் எட்டி, "இங்கிலீஷுக்குத் தமிழைத் துணைக்குக் கூப்பிடட்டும், வேண்டாங்கல. குப்பத்துத் தமிழைக் கூப்பிடணுமா?" என்று முகம் சுளித்தாராம். எங்களுக்கு என்ன? படிக்கும்போது, சாப்பிடும்போது எல்லாம் ‘கினு’வுக்கு ‘இங்’ போட்டுப் போட்டுப் பார்த்தோம். பொதுப் பரீட்சையில் பாஸ் செய்துவிடலாம் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கை நீடித்தது சில வாரம்தான். பெரிய சாருக்குப் பூனை நடை. செருப்புச் சத்தமே கேட்காது. ஒருநாள் அவர் சன்னலோரம் வந்து நின்றது தெரியாமல் டீச்சர் தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி இருமினாள், டீச்சர் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவினார், எப்படியோ தப்பித்தோம். மறுநாள் டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். வாசலை ஒட்டிய அந்த பெஞ்சில் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன். காலையில் அம்மாவோடு பஸ் ஸ்டாண்டு வரை கூடையைச் சுமந்து இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள் நான். பக்கத்தில் உட்கார்ந்தால் மீன் வாடை வருகிறது என்று மற்ற பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

"நீ நல்லா வெவரமான பொண்ணாச்சே. வெளிய தூண்கிட்ட நின்னுக்கோ. பெரிய சார் அந்தக் கோடியில திரும்பினா உடனே வாசலுக்கு வந்து ‘மே ஐ கம் இன் டீச்சர்’னு சத்தமா கேளு. லேட்டா வந்தவ மாதிரி," என்றார். வெவரமான பொண்ணு என்றதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் குரல் கேட்டதும் உள்ளே தமிழ் நின்றுவிடும், வகுப்பு ஒரே குரலில் இங்கிலீஷ் வாசிக்க ஆரம்பிக்கும். பெரிய சார் வருவார். வாசலில் நிற்கும் என்னைப் பார்ப்பார். "இன்னைக்கும் லேட்டா?" என்று கையை நீட்டச் சொல்லி ரூல்தடியால் ஒன்று போடுவார். டீச்சர் "கம் இன்" என்பார். நான் உள்ளே போவேன். பெரிய சார் அந்தப் பக்கம் போனதும் டீச்சர் கண்ணைக் காட்டுவார், நான் மறுபடி வெளியே வந்து தூணில் சாய்வேன்.

முதலில் எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அதுவரை தள்ளி உட்கார்ந்த பெண்கள் இன்டர்வெல்லில் நெல்லிக்காய் கொடுத்தார்கள். என்னால்தான் வகுப்பு நடக்கிறது என்று எனக்கே ஒரு மிதப்பு. ஆனால் வராண்டாவைப் பார்த்து நிற்கிறவளுக்குக் கரும்பலகை முதுகுப் பக்கம் இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. தமிழில் சொன்ன கதை எல்லாம் என் காதில் விழும். அந்தக் கதை இங்கிலீஷாக மாறுவது கரும்பலகையில்தான். அது எனக்குத் தெரியாது. வகுப்பு இங்கிலீஷ் வாசிக்கும் நேரத்தில் நான் அடி வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த வருஷத்துப் பாடங்களின் கதைகளை இன்றைக்குக் கேட்டாலும் தமிழில் ஒன்று விடாமல் சொல்வேன். அவற்றின் இங்கிலீஷில் ஒரு வரி தெரியாது.

அரைப் பரீட்சையில் இருபது கூட வரவில்லை. பயந்து போய் டீச்சரிடம், "நானும் உள்ள குந்திக் கேக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன். "நீ உள்ள வந்துட்டா வெளிய யாரு பாப்பா? உனக்கு மட்டும் சாயந்திரம் தனியா சொல்லித் தர்றேன், கவலைப்படாத," என்றார். சாயந்திரம் மணியடித்ததும் அவருடைய பஸ் வந்துவிடும். அவர் ஓடிப்போய் ஏறுவார். தினமும் அப்படித்தான். தனியாக ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தரவில்லை.

அந்தச் சமயத்தில் செங்கல்பட்டிலிருந்து ஒரு அதிகாரி வந்து பள்ளியைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் பெரிய சார் ஆசிரியர்களை எல்லாம் ஹாலில் கூட்டினார். ஹாலை மூங்கில் தட்டி வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்து எழுத்துவேலை செய்துகொண்டிருந்தோம். அந்தப் பக்கம் பேசுவது அப்படியே கேட்டது. "இங்கிலீஷ் வகுப்புல தமிழ் பேசலாமா கூடாதா, அவங்கவங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க," என்றார் பெரிய சார். கூடவே கூடாது சார் என்றார் ஒருவர். தமிழ் பேசினால் பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். பழைய இங்கிலீஷ் சார் ஒன்றும் பேசாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு எங்கள் டீச்சரின் குரல் கேட்டது. "ஒரு வார்த்தை கூடக் கலக்கக் கூடாது சார். கலந்தா பசங்க கெட்டுப் போயிடுவாங்க. நான் கலக்கறதே இல்ல." இப்படித் தமிழ் கூடாது என்று அத்தனை பேரும் சுத்தமான தமிழில் பேசி முடித்துவிட்டு டீ குடித்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பொங்கல் லீவு முடிந்ததும் பெரிய சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். யார் யாரைப் பொதுப் பரீட்சைக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரும் அங்கே நின்றிருந்தார். பெரிய சார் என்னைக் காட்டி டீச்சரிடம் இங்கிலீஷில் கேட்டார்: "இஸ் ஷி ஆல்வேஸ் லேட்?" நான் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். முழுதாக உண்மையைச் சொல்லாவிட்டாலும், நல்ல பெண் சார், இந்த ஒரு தடவை விடுங்கள் என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "எஸ் சார். ஆல்வேஸ்," என்றார். அந்த வருஷம் முழுவதும் அவர் பேசிய இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது அது ஒன்றுதான்.

"படிப்புல அக்கறை இருக்கிறவ நேரத்துக்கு வருவா. அடுத்த வருஷம் மறுபடி வந்து உக்காந்து எழுது," என்று பெரிய சார் என் பெயரை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பரீட்சை எழுதிய என் வகுப்பில் இங்கிலீஷில் ஃபெயில் ஆனவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதற்கு முன் அந்தப் பள்ளி அப்படி ஒரு ரிசல்ட்டைப் பார்த்ததில்லையாம். தமிழே காதில் விழாமல் தாம் பார்த்துக்கொண்டதால் வந்த ரிசல்ட் இது என்று பெரிய சார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீச்சருக்கு வேலை நிரந்தரமானது. அவரும் அந்தப் பேச்சை மறுத்ததாகத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் டீச்சர் தமிழைக் கலந்தார் என்பதில் இல்லை. கலந்ததுதான் சரி. வயிற்றுக்கடியில் கை கொடுத்துத்தான் எவனும் நீந்தப் பழகுவான். சரி என்று தெரிந்ததைச் சபையில் சொல்ல வாய் வராமல், வாசலில் காவல் வைத்துக்கொண்டு செய்தார்களே, அதில்தான் கோபம். பெரிய சார் என்ன புலியா? நாலு ஆசிரியர்கள் சேர்ந்து, தமிழில் சொன்னால்தான் சார் இந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிறது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், அவர் என்ன நாலு பேர் தலையையும் சீவியிருப்பாரா? சொல்லவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதையாக, என் படிப்பை எடுத்து மற்றவர்களுக்கு உடைத்துவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டார்கள். பின்னால் நான் எங்கள் பக்கத்துப் பால்வாடியில் ஆயாவாகச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க அங்கே ஒரு டீச்சர் இருந்தார். நான் கஞ்சி ஊற்றினேன், மூக்குச் சிந்திவிட்டேன். இன்றைக்கு இவ்வளவு தமிழ் எழுதுகிறேன் என்றால், அது தமிழ் ஐயா முகம் சுளித்துக்கொண்டே போட்ட பிச்சை. அவர் வகுப்பில் என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லை.

டீச்சர் ரிட்டையர் ஆகிப் பல வருஷம் கழித்து, எங்கள் வகுப்புக்காரர்கள் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். எப்படியோ என்னையும் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக மேடை ஏறி, தமிழைக் கலந்து சொல்லிக் கொடுத்த தைரியசாலி என்று டீச்சரைப் புகழ்ந்தார்கள். கடைசியில் டீச்சர் மைக்கைப் பிடித்தார். "எனக்கு ஒரு சி.ஐ.டி. இருந்தா தெரியுமா?" என்று ஆரம்பித்து, தூணையும் என்னையும் பெரிய சாரின் பூனை நடையையும் வேடிக்கைக் கதையாகச் சொன்னார். மண்டபம் சிரித்து உருண்டது. என்னை மேடைக்குக் கூப்பிட்டு, தமக்குப் போட்ட பொன்னாடையில் ஒன்றை எடுத்து என் தோளில் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைத் தட்டி, "நல்லா இருக்கியாம்மா?" என்றார்.

"இருக்கேன் டீச்சர். ஒண்ணு கேக்கணும். அத்தினி பேர் இருந்தாங்க. என்ன எதுக்கு வெளிய நிறுத்துனீங்க?"

அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, மறைக்க ஒன்றுமில்லை என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். "வேற யாரை நிறுத்த முடியும், சொல்லு? மத்த பொண்ணுங்கள நிறுத்தினா வீட்ல இருந்து வந்து கேப்பாங்க. உங்க வீட்ல இருந்து யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும். தப்பா எடுத்துக்காதம்மா. உன்னால நாப்பது பேரு முன்னுக்கு வந்தாங்க இல்ல?"

"எங்கம்மா வந்துச்சி டீச்சர்," என்றேன்.

"எப்போ?"

"பெரிய சார் என் பேர நிறுத்துன மறுநாளு. அன்னிக்கு யாவாரத்துக்குப் போவல, கூடைய எடுக்கல. தலைக்கு ஊத்திகினு, கண்ணாலத்துக்குக் கட்டின பொடவைய எடுத்துக் கட்டிகினு வந்துச்சி. பெரிய சாராண்ட பேசப் பயம், உங்களாண்ட கேக்கலாம்னு வந்துச்சி. நீங்க வராண்டாவுல நின்னுகினு இருந்தீங்க. அது படியேறி வாயத் தொறக்கறதுக்குள்ள, ‘இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மீன் வேணாம், போ’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டீங்க."

டீச்சரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. பரிமாறுகிறவர் வந்து ரசம் வேண்டுமா என்று கேட்டார். மீதியை நான் அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அம்மா வீட்டுக்கு வந்து அந்தப் புடவையை அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் மடித்துப் பெட்டியில் வைத்தாள். டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "கையில கூடை கூட இல்லடி," என்றாள். பிறகு, "நாளைலேர்ந்து எங்கூட வா. ரெண்டு பேரா வித்தா சீக்கிரம் வூட்டுக்கு வந்துடலாம்," என்றாள். நான் போனேன்.